ஒரே ஒரு ஃபைல் ஒரு சர்வரை எப்படிப் படுக்க வைக்கிறது

ராத்திரி பத்தரை மணிக்குப் பேராசிரியரிடமிருந்து போன். "தம்பி, பிள்ளைங்க யாராலயும் உள்ளே போக முடியலயாம். பாஸ்வேர்டு எல்லாம் மாறிப்போச்சா?" ஒரு கல்லூரித் துறைக்காக நான் எழுதிக் கொடுத்த தளம் அது. மாணவர்கள் அதில்தான் அசைன்மென்டை ஏற்றுவார்கள். மறுநாள் கடைசித் தேதி.

பாஸ்வேர்டு எதுவும் மாறவில்லை. லாகின் செய்தால் ஒரு கணம் சுற்றிவிட்டு மறுபடியும் லாகின் பக்கத்திலேயே வந்து நின்றது. அரை மணி நேரம் ப்ரோகிராம் கோடைக் குடைந்த பிறகுதான் டிஸ்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்கத் தோன்றியது. மொத்தம் 40 ஜிபி. அதில் 100 சதவீதம் நிரம்பியிருந்தது. ஒருவர் லாகின் செய்ததும், தளத்தை இயக்குகிற பிஎச்பி மொழி அதை ஒரு சின்ன செஷன் ஃபைலில் குறித்து வைக்கும். சில நூறு பைட்தான். அதை எழுதக்கூட இடமில்லை. குறிப்பு இல்லாததால், அடுத்த பக்கத்துக்குப் போனதும் சர்வருக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. திரும்பவும் லாகின் கேட்டது.

அப்லோட் ஃபோல்டரைத் திறந்தால் ஒரே வீடியோ 14 தடவை கிடந்தது. ஒவ்வொன்றும் 1.8 ஜிபி. யாரோ ஒரு மாணவர் திரையைப் பதிவு செய்து ஏற்றியிருக்கிறார். ஃபைல் முழுசாக வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் அதன் பிறகு நடக்கிற வேலை முடியத் தாமதமானதால் பிரவுசரில் பிழை காட்டியிருக்கிறது. ஏறவில்லை என்று நினைத்து மறுபடி, மறுபடி. அவர் மேல் குற்றமே இல்லை. தவறு என்னுடையது. இரண்டு வாரம் முன்பு ஓர் ஆசிரியர் பாட வீடியோ ஏற்ற வேண்டும் என்று கேட்டார் என்பதற்காக அப்லோட் எல்லையை 2 ஜிபிக்கு உயர்த்தியிருந்தேன். எல்லாருக்கும், எல்லாப் பக்கத்துக்கும், எத்தனை தடவை வேண்டுமானாலும்.

13 பிரதிகளை அழித்ததும் தளம் எழுந்துகொண்டது. கெட்ட எண்ணமே இல்லாத ஒருவர் தெரியாமல் செய்ததற்கே இந்தக் கதி என்றால், தெரிந்தே செய்கிறவர் என்னென்ன செய்யலாம்? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். அப்லோட் பட்டன் உள்ள ஒரு தளத்தை நீங்கள் எழுதுகிறீர்கள், அல்லது எழுதப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

எதையும் திருடாத தாக்குதல்

ஹேக் செய்வது என்றால் டேட்டாவைத் திருடுவது, பக்கத்தை மாற்றுவது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். எதையும் திருடாமல், எதையும் மாற்றாமல், தளம் அதை நம்பியிருக்கிறவர்களுக்குக் கிடைக்காமல் செய்துவிடுவதும் தாக்குதல்தான். இதற்கு டினையல் ஆஃப் சர்வீஸ் என்று பெயர். தமிழில் சேவை முடக்கம் என்று சொல்லலாம். செய்திகளில் வருகிற வகையில் ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே நேரத்தில் ஒரு தளத்தை மொய்க்கும். அதற்குப் படை வேண்டும். அப்லோட் வழியாக வருகிற முடக்கத்துக்குப் படை வேண்டாம். ஒரு லேப்டாப், சுமாரான இணைய இணைப்பு, சரியாகத் தயாரித்த ஒரு ஃபைல் போதும்.

அப்லோட் பாதுகாப்பு என்று தேடினால் பெரும்பாலும் வேறோர் ஆபத்தைப் பற்றித்தான் எழுதியிருப்பார்கள். படம் என்ற பெயரில் பிஎச்பி ஸ்கிரிப்டை ஏற்றி சர்வரையே கைப்பற்றுவது. அது பெரிய ஆபத்துதான், சந்தேகமில்லை. ஆனால் அதைப் படித்தவர்கள் ஃபைலின் எக்ஸ்டென்ஷனைச் சரிபார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நகர்ந்துவிடுகிறார்கள். உண்மையான படமே, உண்மையான எக்ஸெல் ஃபைலே சர்வரைப் படுக்க வைக்கும் என்பது கண்ணில் படுவதில்லை. இணையப் பாதுகாப்புக்கு வழிகாட்டும் ஓவாஸ்ப் அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வாசல்) ஆபத்துப் பட்டியலில், கட்டுப்பாடில்லாமல் வளங்களைச் செலவழிக்க விடுவதற்கு நான்காவது இடம் கொடுத்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற விஷயம் ஒன்றுதான். ஃபைலை அனுப்புகிறவருக்கு ஆகிற செலவு வேறு, அதை வாங்கி வைக்கிற சர்வருக்கு ஆகிற செலவு வேறு. ஃபைலின் அளவு என்று திரையில் நாம் பார்க்கிற எண் முதல் செலவைத்தான் காட்டுகிறது. இரண்டாவது செலவு சில சமயம் அதைப்போல் ஆயிரம் மடங்கு.

டிஸ்க் நிரம்பினால் என்ன ஆகும்

அப்லோட் மட்டும் நின்றுபோகும் என்று நினைப்போம். அதே டிஸ்கில்தான் செஷன் ஃபைலும், நடந்ததைக் குறித்து வைக்கிற லாகும், டேட்டாபேஸும் இருக்கின்றன என்பதால் எல்லாமே நிற்கும். இடம் தீர்ந்தால் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை இடம் வந்துவிட்டதா என்று பார்த்தபடி காத்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தளம் உறைந்துபோன மாதிரி இருக்கும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் தன் டிரான்சாக்ஷன் லாகை எழுத முடியாமல் போனால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். லாகையும் எழுத முடியாததால், என்ன நடந்தது என்று பிறகு தேடினாலும் தடயம் கிடைக்காது.

இன்னொரு விதமாகவும் டிஸ்க் தீரும். பலருக்கு இது தெரியாது. லினக்ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஐநோட் என்று ஒரு பதிவேட்டு வரி வேண்டும். வழக்கமான எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில், டிஸ்கை ஃபார்மேட் செய்யும்போதே சுமார் 16 கேபிக்கு ஒரு ஐநோட் என்று எண்ணிக்கை முடிவாகிவிடும். 40 ஜிபி டிஸ்கில் ஏறக்குறைய 26 லட்சம். காலி ஃபைலாக இருந்தாலும் ஒரு வரி போகும். 26 லட்சமும் தீர்ந்துவிட்டால் பாதி டிஸ்க் காலியாகக் கிடந்தாலும் "இடமில்லை" என்றே பிழை வரும். அன்றைக்கு எனக்கு இப்படி நடந்திருந்தால் விடிய விடியத் தேடியிருப்பேன். வேர்ட்பிரஸ் மாதிரி ஒரு தளத்தில் பெரிய படம் ஒன்றை ஏற்றினால் 150, 300, 768, 1024 பிக்சல் என்று பல அளவுகளில் அதுவே பிரதி எடுத்து வைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்றுகிறவருக்கு ஒரு ஃபைல், சர்வருக்கு ஏழெட்டு.

50 கேபி படம், ஒன்றரை ஜிபி மெமரி

அரசுத் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்களுக்குத் தெரியும். போட்டோ 20 கேபிக்குக் குறையக்கூடாது, 50 கேபியைத் தாண்டக்கூடாது என்பார்கள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து போட்டோவைச் சுருக்கிச் சுருக்கி ஏற்றிய அனுபவம் பலருக்கு இருக்கும். அவ்வளவு கறாரான எல்லை வைத்தால் சர்வர் பத்திரம் என்றுதான் தோன்றும். கேபியை மட்டும் பார்க்கிற தளத்துக்கு அதுவும் போதாது. ஏன் என்று பார்ப்போம்.

உங்கள் போனில் எடுத்த ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 12 மெகாபிக்சல், அதாவது 4,000-க்கு 3,000 பிக்சல். ஃபைல் 3 எம்பி இருக்கும். இந்த 3 எம்பி சுருக்கி வைத்த வடிவம். சர்வர் இதைச் சின்னதாக்க வேண்டும் என்றாலும், திருப்ப வேண்டும் என்றாலும், முதலில் முழுசாக விரித்து மெமரியில் வைக்க வேண்டும். விரித்தால் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் அளவு என்று நான்கு பைட். ஒரு கோடியே இருபது லட்சம் பிக்சலுக்கு 48 எம்பி. கூழ்வடகம் எண்ணெயில் விழுந்ததும் பொரிந்து வாணலி கொள்ளாமல் போகிற மாதிரிதான். ஒரே நேரத்தில் 20 பேர் படம் ஏற்றினால் கிட்டத்தட்ட ஒரு ஜிபி. மாத வாடகைக்கு எடுக்கிற சின்ன சர்வரில் மொத்த ரேமே அவ்வளவுதான் இருக்கும். இதில் தாக்குதல் எதுவும் இல்லை, கல்யாண ஆல்பம் ஏற்றுகிற சாதாரண மனிதர்கள்தான்.

இப்போது வேண்டுமென்றே செய்த ஒரு படத்தைப் பாருங்கள். 20,000-க்கு 20,000 பிக்சல், முழுக்க ஒரே கறுப்பு. 40 கோடி பிக்சல். கறுப்பு-வெள்ளை வகை பிஎன்ஜியாகச் சேமித்தால் பிக்சலுக்கு ஒரு பிட் போதும், அதுவும் ஒரே நிறம் என்பதால் பிரமாதமாகச் சுருங்கும். ஃபைல் சுமார் 50 கேபிதான் வரும். பிக்சலுக்கு நான்கு பைட்டாக விரித்தால் 1.6 ஜிபி. வழக்கமான பரிசோதனை எதிலும் இது மாட்டாது. எக்ஸ்டென்ஷன் சரி, உள்ளே இருப்பதும் நிஜமான பிஎன்ஜி, அளவும் எல்லைக்கு அருகில்தான்.

படத்தின் தலைப்பகுதியில் பொய் எழுதியும் ஏமாற்றலாம். ஜேபெக் ஃபைலில் அகலம், உயரம் இரண்டையும் ஆரம்பத்திலேயே எழுதியிருக்கும். உண்மையில் சின்னப் படம். தலைப்பகுதியில் மட்டும் 64,250-க்கு 64,250 என்று திருத்திவிட்டால், அதை நம்பிச் சில மென்பொருள்கள் 400 கோடி பிக்சலுக்கு மெமரி கேட்கும். லாட்டாபிக்சல் என்ற பெயரில் இது பல வருடங்களாகவே சுற்றி வருகிறது.

ரேம் தீர்ந்தால் லினக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஓடிக்கொண்டிருக்கிற ஏதாவது ஒரு ப்ரோகிராமை, அதாவது ப்ராசஸைக் கொல்லும். பெரும்பாலும் அதிகம் மெமரி பிடித்திருப்பது எதுவோ அது. படத்தைத் திறந்த ப்ராசஸ் பலியானால் பரவாயில்லை. பல சமயம் பலியாவது டேட்டாபேஸ். படத்துக்கும் டேட்டாபேஸுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாமல் ஆட்கள் முழிப்பார்கள்.

இதற்கான தடுப்பு அழகானது, எளிமையானதும்கூட. படத்தை விரிக்காமலே அதன் அகல உயரத்தைத் தெரிந்துகொள்ளலாம். பிஎன்ஜியில் இரண்டும் முதல் 24 பைட்டுக்குள் இருக்கின்றன. பிஎச்பியில் கெட்-இமேஜ்-சைஸ் என்ற ஃபங்ஷன் அதைத்தான் படிக்கிறது. பைத்தானின் பில்லோ லைப்ரரியிலும் படத்தை ஓப்பன் செய்யும்போது தலைப்பகுதி மட்டுமே படிக்கப்படும், பிக்சல்கள் பிறகுதான். ஆகவே முதலில் அகலத்தையும் உயரத்தையும் பெருக்கிப் பாருங்கள். உங்கள் எல்லைக்கு மேல் போனால் அங்கேயே திருப்பி அனுப்புங்கள். பில்லோவில் இதற்கு ஒரு காவல் ஏற்கெனவே இருக்கிறது. சுமார் 8 கோடியே 95 லட்சம் பிக்சலைத் தாண்டினால் எச்சரிக்கும், அதன் இரு மடங்கைத் தாண்டினால் திறக்கவே மறுக்கும். எச்சரிக்கை என்பது லாகில் விழுகிற ஒரு வரி மட்டும்தான், படம் திறந்துவிடும் என்பதைக் கவனியுங்கள். உங்கள் சர்வருக்கு எவ்வளவு தாங்கும் என்று பார்த்து நீங்களே எண்ணைக் குறைத்து வைப்பது நல்லது. ஜிஃப் மாதிரி அசையும் படங்களில் ஃபிரேம் எண்ணிக்கையையும் பெருக்க வேண்டும்.

படங்களைச் சுருக்க இமேஜ்மேஜிக் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மெமரி எல்லையைத் தொட்டதும் அது நிற்பதில்லை. மீதியை டிஸ்கில் தற்காலிக ஃபைலாக எழுத ஆரம்பிக்கும். மெமரிக்கு மட்டும் எல்லை வைத்தால் பிரச்சினை டிஸ்குக்கு இடம் மாறும், அவ்வளவுதான். அதன் பாலிசி ஃபைலில் அகலம், உயரம், டிஸ்க், நேரம் எல்லாவற்றுக்கும் எல்லை வைக்க இடமிருக்கிறது. வையுங்கள்.

ஜிப் குண்டு

42.ஜிப் என்று ஒரு பழைய ஃபைல் இருக்கிறது. அளவு 42 கேபி. அதற்குள் 16 ஜிப், ஒவ்வொன்றுக்குள்ளும் 16 ஜிப் என்று ஐந்து அடுக்கு. கடைசி அடுக்கில் ஒவ்வொன்றிலும் 4.3 ஜிபி ஃபைல். எல்லாவற்றையும் விரித்தால் 4.5 பெட்டாபைட், அதாவது 45 லட்சம் ஜிபி.

எப்படி இவ்வளவு சுருங்குகிறது? ஜிப்பில் வழக்கமாகப் பயன்படும் டிஃப்ளேட் என்ற முறை, "முன்பு வந்ததையே திரும்ப எழுது" என்று சொல்லித்தான் இடத்தை மிச்சப்படுத்துகிறது. ஒரு தடவை இப்படிச் சொல்லி அதிகபட்சம் 258 பைட்டை எழுத வைக்கலாம். அப்படிச் சொல்ல ஆகிற குறைந்தபட்சச் செலவு 2 பிட். 258 பைட் என்றால் 2,064 பிட். அதை இரண்டால் வகுத்தால் 1,032. ஆக, டிஃப்ளேட்டில் ஒரு பைட் அதிகபட்சம் 1,032 பைட்டாகத்தான் விரியும், அதற்கு மேல் முடியாது. மேலே சொன்ன கறுப்புப் படமும் இதே கணக்கில்தான் சுருங்கியது. பிஎன்ஜிக்குள்ளும் இருப்பது டிஃப்ளேட்தான்.

ஆயிரம் மடங்குதான் உச்சம் என்றால் 42.ஜிப் ஏன் அவ்வளவு பெரிது? அடுக்கடுக்காக இருப்பதால். ஜிப்புக்குள் ஜிப்பைத் தோண்டிக்கொண்டே போகிறவர்களுக்குத்தான் அது ஆபத்து. வைரஸ் ஸ்கேனர்கள் அப்படித் தோண்டுகிறவை. தோண்டாதவர்கள் தப்பித்தோம் என்று இருந்தார்கள். 2019-இல் டேவிட் ஃபிஃபீல்ட் என்ற ஆய்வாளர் வேறு வழி காட்டினார். ஜிப்பின் உள்ளடக்கப் பட்டியலில் ஆயிரக்கணக்கான ஃபைல்களை எழுதிவிட்டு, அவை எல்லாம் ஒரே சுருக்கப்பட்ட துண்டைப் பகிர்ந்துகொள்ளும்படி செய்தார். அடுக்கே இல்லை, ஒரே தடவை விரித்தால் போதும். 42 கேபி ஃபைல் 5.5 ஜிபியாகவும், 10 எம்பி ஃபைல் 281 டெராபைட்டாகவும் விரிந்தது.

நம் தளத்தில் ஜிப்பே வாங்குவதில்லை என்று சொல்வீர்கள். மாணவர் பட்டியலை எக்ஸெல் ஃபைலாக ஏற்றச் சொல்கிறீர்களா? எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைல் உள்ளுக்குள் ஒரு ஜிப்தான். டாக்எக்ஸும் அப்படியே. ஒன்றின் பெயரை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், உள்ளே எக்ஸ்எம்எல் ஃபைல்கள் வரிசையாக இருக்கும். ஜாவாவில் எக்ஸெல் படிக்கப் பயன்படும் அப்பாச்சி பிஓஐ லைப்ரரி இதைத் தெரிந்து வைத்திருக்கிறது. சுருங்கிய அளவு, விரிந்த அளவில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தால் படிக்க மறுத்துவிடும். பெரிய ரிப்போர்ட் திறக்கவில்லை என்று இந்தக் காவலை எடுத்துவிடச் சொல்லும் ஆலோசனைகள் கிடைக்கும். எடுப்பதற்கு முன் அது எதற்காக வைக்கப்பட்டது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜிப்பை விரித்தே ஆக வேண்டும் என்றால், உள்ளே எழுதியிருக்கிற அளவை நம்ப வேண்டாம். அதுவும் அனுப்பியவர் எழுதியதுதான். வெளியே வருகிற பைட்களை நீங்களே எண்ணிக்கொண்டே வாருங்கள். எல்லையைத் தொட்டதும் நிறுத்துங்கள். எத்தனை ஃபைல், எத்தனை அடுக்கு என்பதற்கும் வரம்பு வேண்டும்.

2023 பிப்ரவரி

அளவு சரியாக இருந்து, விரிக்கிற வேலையும் இல்லாமல், எண்ணிக்கையாலேயே சர்வரைத் திணறடிக்கலாம். பிரவுசர் ஃபைலை அனுப்பும்போது மல்டிபார்ட் என்ற வடிவத்தில் அனுப்புகிறது. ஒரு சாக்குக்குள் பல பொட்டலங்கள் மாதிரி. சாக்கு 10 கிலோவுக்கு மேல் கூடாது என்று வாசலில் எடை போடுகிறோம். சாக்குக்குள் ஆயிரக்கணக்கில் காலிப் பொட்டலங்கள் இருந்தால்? எடை குறைவு. ஆனால் உள்ளே இருப்பவர் ஒவ்வொன்றையும் பிரித்து, பெயர் எழுதி, ஓரிடத்தில் வைத்தாக வேண்டும்.

2023 பிப்ரவரியில் இந்த ஒரே வகைக் குறைக்காக பைத்தானில் தளம் கட்ட உதவும் ஜாங்கோ, இன்னொரு பைத்தான் கருவியான ஃபிளாஸ்க்குக்கு அடியில் இருக்கிற வெர்க்சூக், கோ மொழி, பிஎச்பி, ஜாவாவின் காமன்ஸ் ஃபைல்அப்லோட் என்று வரிசையாகத் திருத்தங்கள் வந்தன. ஜாங்கோ ஒரு கோரிக்கையில் 100 ஃபைல் என்று எல்லை வைத்தது, வெர்க்சூக் 1,000 பொட்டலம் என்று. லட்சக்கணக்கான தளங்கள் நிற்கிற அடித்தளங்கள் இவை, அனுபவசாலிகள் எழுதியவை. அவர்களுக்கே எண்ணிக்கைக்கு எல்லை வேண்டும் என்பது அவ்வளவு தாமதமாகத்தான் தோன்றியிருக்கிறது. பிஎச்பி மட்டும் ஃபைல் எண்ணிக்கைக்கு 2009-லேயே 20 என்று எல்லை வைத்துவிட்டது, ஃபைல் அல்லாத மற்றப் பொட்டலங்கள்தான் மிச்சமிருந்தன. உங்கள் தளம் 2023 பிப்ரவரிக்கு முந்தைய பதிப்பில் ஓடுகிறது என்றால் இன்றைக்கே புதுப்பியுங்கள்.

மெதுவாக அனுப்புவது இன்னொரு வழி. வங்கிக் கவுன்டரில் ஒருவர் சில்லறையை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தால் பின்னால் வரிசை நிற்கிற மாதிரி, ஒரு ஃபைலைச் சில நொடிக்கு ஒரு பைட் என்று அனுப்பி, கோரிக்கைகளைக் கவனிக்கிற வொர்க்கர் ஒன்றைப் பிடித்து வைக்கலாம். அப்பாச்சி வெப் சர்வரின் பழைய பாணி அமைப்பில் இயல்பாக 256 வொர்க்கர்தான். 256 இணைப்புகளை இப்படித் திறந்து வைத்தால் கடை மூடியாகிவிடும். அதற்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரைக் காவலுக்கு வைத்தால், அது முழு ஃபைலையும் தானே வாங்கிக்கொண்டு பிறகுதான் உள்ளே அனுப்பும் என்பதால் பெருமளவு தப்பிக்கலாம். நேர எல்லையை மிகவும் இறுக்க வேண்டாம். சிக்னல் ஒரு கோடு மட்டும் வருகிற ஊரிலிருந்து நிஜமாகவே மெதுவாக ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எல்லையை எங்கே வைப்பது

ஆரம்பத்தில் எல்லாரும் ஜாவாஸ்கிரிப்டில் வைப்பார்கள். அது பயனருக்கு வசதி. பத்து நிமிடம் காத்திருந்து ஏற்றிய பிறகு "பெரிய ஃபைல்" என்று திட்டாமல் முன்கூட்டியே சொல்லிவிடும். அதனால் அது வேண்டும். பாதுகாப்பு என்று மட்டும் நினைக்க வேண்டாம். பிரவுசரே இல்லாமல் கட்டளை வரியிலிருந்து அனுப்புகிறவருக்கு உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் ஓடுவதே இல்லை.

அடுத்து நம் கோடில் வைப்போம். பிஎச்பியில் பலர் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. உங்கள் கோடின் முதல் வரி ஓடுவதற்கு முன்பே ஃபைல் முழுவதும் வந்து தற்காலிக ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பக்கத்தில் அப்லோட் ஃபார்மே இல்லாவிட்டாலும்கூட. "எங்களைப் பற்றி" பக்கத்துக்கு ஒருவர் ஃபைல் அனுப்பினாலும் பிஎச்பி வாங்கி வைத்துவிட்டு, பக்கம் முடிந்ததும் அழிக்கும். இயல்பாக ஒரு ஃபைலுக்கு 2 எம்பி, மொத்தக் கோரிக்கைக்கு 8 எம்பி என்று எல்லை இருப்பதால் இது பெரிதாகத் தெரிவதில்லை. நான் செய்த மாதிரி அதை 2 ஜிபியாக்கினால் ஒவ்வொரு பக்கமும் 2 ஜிபி வாங்குகிற வாசலாகிவிடும்.

எல்லை மாதிரித் தோன்றி எல்லையாக இல்லாத அமைப்புகளும் உண்டு. ஜாங்கோவில் அப்லோட் மெமரிக்கு 2.5 எம்பி என்று ஓர் எண் இருக்கிறது. அதற்கு மேல் போனால் மறுத்துவிடும் என்று நினைக்கிறார்கள். இல்லை. அதற்கு மேல் போனால் மெமரியிலிருந்து டிஸ்குக்கு மாற்றும், அவ்வளவுதான். எவ்வளவு பெரிய ஃபைலையும் வாங்கிக்கொள்ளும். கோ மொழியில் மல்டிபார்ட் ஃபார்மைப் படிக்கும்போது கொடுக்கிற 32 எம்பியும் அப்படித்தான். நோட் ஜேஎஸ்ஸில் அப்லோடுக்கு மல்டர் லைப்ரரியைப் பயன்படுத்தினால், நீங்கள் சொல்லாதவரை ஃபைல் அளவுக்கு முடிவிலி என்பதே இயல்பு. "மேக்ஸ்" என்று பெயரில் இருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். அதை மீறினால் என்ன நடக்கும் என்று ஒரு தடவை ஆவணத்தில் படித்துவிடுங்கள்.

ஆகவே முதல் எல்லை வாசலில், வெப் சர்வரில் இருக்க வேண்டும். என்ஜின்எக்ஸில் கோரிக்கையின் உடல் அளவுக்கு இயல்பு எல்லை 1 எம்பி. மீறினால் 413 என்று பதில் சொல்லித் திருப்பிவிடும். அப்பாச்சியில் 2.4.53 பதிப்பு வரை எல்லையே கிடையாது, அதற்குப் பிறகுதான் இயல்பாக 1 ஜிபி வந்தது. இரண்டிலும் பக்கத்துக்குப் பக்கம் வேறு எல்லை வைக்க முடியும். தளம் முழுக்க 1 எம்பி, மாணவர் அப்லோடுக்கு 20 எம்பி, ஆசிரியர் வீடியோவுக்கு மட்டும் 2 ஜிபி.

ஒரு ஃபைலுக்கு எல்லை வைத்தால் மட்டும் போதாது. ஆளுக்கு, நாளுக்கு, மொத்தத்துக்கும் வேண்டும். 20 எம்பி ஃபைலை 2,000 தடவை ஏற்றினாலும் 40 ஜிபிதான். லாகின் இல்லாமல் ஏற்ற அனுமதிக்கிற பக்கம் இருந்தால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

கிளவுட் சேமிப்பகத்தில் போட்டால் டிஸ்க் நிரம்பாது. பில் நிரம்பும். அமேசான் எஸ்3 பயன்படுத்தி பிரவுசரிலிருந்து நேராக ஏற்ற விடுகிறீர்கள் என்றால், உங்கள் சர்வர் முன்கூட்டியே கையெழுத்திட்டுக் கொடுக்கிற அனுமதியோடு ஏற்றும் போஸ்ட் முறையில் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவை நிபந்தனையாகவே எழுதலாம். துண்டு துண்டாக ஏற்றி பாதியில் விட்டவையும் பில்லில் வரும்; சில நாளில் தானாக அழிய விதி எழுதிவிடுங்கள்.

எங்கள் தளத்தில் நான் என்ன செய்தேன் என்று சொல்லி முடிக்கிறேன். அப்லோடுகளை டிஸ்கில் தனியாகப் பிரித்த ஒரு பகுதிக்கு, அதாவது தனிப் பார்டிஷனுக்கு மாற்றினேன். டேட்டாபேஸ், செஷன், லாக் எதுவும் அதில் இல்லை. பிஎச்பியின் தற்காலிக ஃபோல்டரையும் அங்கேயே வைத்தேன். ஓர் அசைன்மென்டுக்கு ஒரு மாணவருக்கு ஒரு ஃபைல். புதியது முழுசாக வந்ததும் பழையது போய்விடும். படத்தைச் சுருக்குகிற வேலையைத் தனி ப்ராசஸுக்குக் கொடுத்து, லினக்ஸில் ப்ராசஸ்களை நிர்வகிக்கிற சிஸ்டம்டியில் அதற்கு 300 எம்பி மெமரி, 30 நொடி என்று கட்டுப்பாடு போட்டேன். கனத்த படம் வந்தால் அந்த ப்ராசஸ் மட்டும் செத்து, மறுபடி எழும். 80 சதவீதம் நிரம்பினால் எனக்கு ஒரு மெயில் வரும். பிறகு மேலே சொன்ன கறுப்புப் படத்தை நானே தயாரித்து, சோதனை சர்வரில் ஏற்றி, மெமரி ஏறுகிறதா என்று பார்த்தேன். உங்கள் சொந்த சர்வரில் நீங்களும் இதைச் செய்து பாருங்கள், பத்து நிமிட வேலை.

அடுத்த செமஸ்டரில் அந்தப் பார்டிஷன் ஒரு தடவை நிரம்பியது. மெயில் வந்ததை நான் கவனிக்கவில்லை, பயணத்தில் இருந்தேன். பகல் 11 மணிக்குப் பேராசிரியர் கூப்பிட்டார். "தம்பி, ஃபைல் ஏத்த இடம் இல்லைன்னு வருது. மத்ததெல்லாம் ஓடுது. சாயங்காலம் பார்த்தா போதும்."